சாலையோர அங்சானா மரம், அதில் மொய்க்கும் அடுக்குத் தேனீ: இரண்டில் எது அழியும் நிலையில் இருக்கிறது?

மரம்தான். சிங்கப்பூரில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்பதால் நம்புவது கஷ்டம். ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் 1998இல் ‘பாதிக்கப்படக்கூடியது’ என்றிருந்த அங்சானா, 2018இல் ‘அழியும் அபாயத்தில் உள்ளது’ என்ற நிலைக்குப் போய்விட்டது. அந்தப் பட்டியல் பார்ப்பது காட்டில் தானாக வளர்ந்த மரங்களை. அவற்றைப் பலகைக்காகப் பெருமளவில் வெட்டிவிட்டார்கள். நம் சாலையோர மரங்களில் பல, சீக்கிரம் நிழல் வேண்டுமென்று பெரிய கொம்புகளை வெட்டி ஊன்றி வளர்த்தவை. ஒரே தாய்மரத்துக் கொம்பை ஆயிரம் இடத்தில் நட்டாலும் மரபணு ஒன்றுதான். காட்டு மரத்துக்கு அது ஈடாகாது.

ஊரில் வேங்கையைப் பார்த்தவர்களுக்கு: இது அதன் நெருங்கிய சொந்தம். பட்டையைக் கீறினால் இதிலும் சிவப்பாகப் பிசின் வடியும்.

அடுக்குத் தேனீக்கு (ஏபிஸ் செரானா) அதே பட்டியலில் தரநிலையே கிடையாது. மதிப்பிடவில்லை என்பதை ‘ஆபத்தில்லை’ என்று படித்துவிடாதீர்கள். இங்கே சர்வசாதாரணமான இனம் என்பது வேறு விஷயம். மரப்பொந்து, கூரை இடுக்கு என்று இருட்டான இடம் எது கிடைத்தாலும் குடியேறிவிடும். தேனீயை ஒட்டி வாழும் வரோவா உண்ணி இதில் பெரும்பாலும் ஆண் புழு அறைகளில் மட்டுமே பெருகுவதால் கூட்டம் தாக்குப்பிடிக்கிறது. இத்தாலியத் தேனீயிடம் வேலைக்காரப் புழுக்களின் அறைகளிலும் பெருகி, கூட்டையே காலி செய்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க, வறட்சிக்குப் பின் பெய்யும் மழையைக் கவனியுங்கள். அடுத்த சில நாளில் மரம் பூக்கும். பூவுக்கு ஆயுள் ஒரே நாள், அதனால் காலையிலேயே போக வேண்டும். மஞ்சள் பூ என்பதால் பலர் இயல்வாகையோடு குழப்பிக்கொள்கிறார்கள். காயைப் பாருங்கள்: அங்சானா காய் வட்டமானது, நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய இறக்கை. இயல்வாகைக் காய் நீண்டு தட்டையாக, செம்புநிறமாக இருக்கும்.

மரத்துக்கு இங்குள்ள பெரிய எதிரி வாடல் நோய். மின்னல் தாக்கிய மரத்தை வண்டு துளைக்கும், அந்த வழியாக ஃபுசாரியம் பூஞ்சை பரவும். கிளை மடமடவென்று வாடினால் உடனே என்பார்க்ஸுக்கு (தேசிய பூங்காக் கழகம்) தகவல் சொல்லுங்கள்.

வீட்டருகே தேனீக்கள் கொத்தாகத் தொங்கினால், முதலில் தள்ளி நின்று அடை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வீடு தேடிப் போகும் கூட்டம். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கிளம்பிவிடும். பூச்சிமருந்து அடித்தால் கலைந்து கொட்டும். இடுக்கில் அடை கட்டிவிட்டால் ஆள் வைத்து அகற்றுங்கள். அடையை முழுதாக எடுத்துத் துளையையும் அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும்.