ஜிங்க் மாத்திரை சேர்த்தால் ஆன்டிபயாட்டிக் மறுபடி வேலை செய்யுமா?

கேட்டிருப்பது: "அப்பச்சிக்குக் காலில் சர்க்கரைப் புண். புண்ணின் கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் பாதி மருந்துக்கு மேல் ரெசிஸ்டன்ட், அதாவது கிருமி அடங்காது. துத்தநாக (ஜிங்க்) ஆக்சைடு நானோ துகள் சேர்த்தால் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கே கேட்கும் என்று படித்தேன். ஜிங்க் மாத்திரை சேர்த்துக் கொடுக்கலாமா?"

அந்த நினைப்பில் கொடுக்காதீர்கள். சிப்ரோவும் ஜிங்க்கும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏறும் மருந்து குறைந்துவிடும். டாக்டரே இரண்டும் எழுதியிருந்தால், சிப்ரோ போட்டு 2 மணி நேரம் கழித்து ஜிங்க். ஜிங்க் முந்திவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் சிப்ரோ. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கதைதான்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. நான் காரைக்குடியில் மைக்ரோபயாலஜி படித்தவன். சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிற ஊரில் நானோ என்ற பேச்சு புதிதில்லை. கிருமி வளர்க்கும் ஜெல்லி போன்ற அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய 6 மி.மீ. வில்லையை வைத்து ஒரு ராத்திரி இன்குபேட்டரில் விடுவோம். அடங்காத கிருமி என்றால் வில்லையின் விளிம்பு வரை வெள்ளையாக வளர்ந்து நிற்கும். அதே வில்லையில் நானோ துகளும் சேரும்போது சில கிருமிகளுக்குச் சுற்றிலும் கிருமி வளராத தெளிவான வளையம் விழுகிறது. 100 நானோமீட்டருக்கும் சிறிய அந்தத் துகள்கள் செல்லின் மேலுறையைச் சிதைக்கின்றன, துத்தநாக அயனிகளை விடுகின்றன, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் ரேடிக்கல்களைக் கிளப்புகின்றன. மேலுறை ஓட்டையானால் வெளியே நின்ற மருந்து உள்ளே நுழைகிறது.

ஆனால் அந்த வளையத்தை மட்டும் நம்ப முடியாது. துத்தநாக ஆக்சைடு தண்ணீரில் சரியாகக் கரையாது, அகாரில் நன்றாகப் பரவாது. திரவத்தில் சோதித்தால் துகளே கலங்கலாகத் தெரியும். கிருமி வளர்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது, தட்டில் பரப்பி எண்ணித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்கையே உடைத்துப்போடும் என்.டி.எம். என்ற நொதி சில கிருமிகளிடம் உண்டு; அது துத்தநாகம் இருந்தால்தான் இயங்கும். அந்தக் கிருமிக்குத் துத்தநாகம் கொடுப்பது நமக்கு உதவுமா, அதற்கு உதவுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குத் தீவனத்தில் மருந்தளவு கலந்துவந்த துத்தநாக ஆக்சைடை 2022 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். மண்ணில் சேர்கிறது என்பது முதல் காரணம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் என்ற கவலையும் கூடவே இருந்தது.

அப்பச்சிக்கு இப்போது வேண்டியது வேறு. ரிப்போர்ட்டில் 'எஸ்' (கிருமி அந்த மருந்துக்கு அடங்கும்) என்று எந்த மருந்துக்கு நேரே இருக்கிறது என்பதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்யவேண்டுமா, காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி, எலும்புக்குள் சீழ் இறங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த மருந்தும் முழுசாகப் பிடிக்காது. வீட்டில் அவர் போடுகிற சத்து மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். காய்ச்சல் வந்தாலோ கால் கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.