ஸ்டார்ட்அப் மையம் என்றால் ஜப்பானில் டோக்கியோவை விட்டுவிட்டு ஏன் தென்மேற்கில் உள்ள ஃபுகுவோகா நகரத்தைச் சொல்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், அந்த ஊர் மேயர் தகாஷிமா சோயிச்சிரோ 2012-லேயே 'இது இனி ஸ்டார்ட்அப் நகரம்' என்று அறிவித்துவிட்டார், மற்ற ஊர்கள் விழித்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான். 2014-ல் மத்திய அரசு ஃபுகுவோகாவைச் சிறப்பு மண்டலமாக்கியது, அதாவது சில விதிகளைத் தளர்த்திக்கொள்ள அனுமதி கொடுத்தது.

உண்மையில் பெரிய விஷயம் விசாதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே கம்பெனி தொடங்க அப்போதெல்லாம் அலுவலகம் வேண்டும், அதோடு 50 லட்சம் யென் முதலீடோ இரண்டு முழுநேர ஊழியர்களோ காட்ட வேண்டும், அதுவும் விசா கையில் வருவதற்கு முன்பே; ஊருக்குள் நுழையாமல் அலுவலகம் பிடிப்பது எப்படி? 2015-ல் வந்த ஸ்டார்ட்அப் விசா இதற்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது.

2017-ல் மூடிக் கிடந்த தாய்ம்யோ தொடக்கப்பள்ளிக் கட்டடத்தை 'ஃபுகுவோகா குரோத் நெக்ஸ்ட்' என்ற மையமாக மாற்றினார்கள். வகுப்பறைகளில் இப்போது கம்பெனிகள்! விமான நிலையத்திலிருந்து ஊரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாட்டாவுக்கு மெட்ரோவில் ஐந்தாறு நிமிடம்தான், டோக்கியோவோடு ஒப்பிட்டால் வாடகையும் குறைவு.

சரி, டோக்கியோ சும்மா இருக்கிறதா? இல்லை. பெரிய முதலீட்டுப் பணம் இன்னும் அங்கேதான் குவிகிறது. 2022-ல் ஜப்பான் அரசு போட்ட ஐந்தாண்டுத் திட்டம் 100 யூனிகார்ன்கள் (நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஸ்டார்ட்அப்கள்) என்று இலக்கு வைத்தது, எனக்கு அது கொஞ்சம் பேராசையாகவே படுகிறது.