பாலில் பட்ட இறைச்சிக் கரண்டி: யூத வீட்டில் பணிபுரிபவரின் ஐயம்

கேள்வி: ஜெருசலேமில், யூத சமய விதிகளைக் கடைப்பிடிக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கிப் பராமரிப்புப் பணி செய்கிறேன். நேற்றிரவு கோழி சூப் கலக்கிய எவர்சில்வர் கரண்டியால், இன்று காலை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் ரவைக் கஞ்சியைத் தவறுதலாகக் கிளறிவிட்டேன். கரண்டியைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியிருந்தேன். இருந்தும் தவறா? எல்லாவற்றையும் வீசிவிட வேண்டுமா?

பதில்: கஞ்சியை மூதாட்டிக்குக் கொடுக்காமலும், அதே சமயம் கொட்டிவிடாமலும் தனியே எடுத்து வைத்துவிட்டு, நடந்ததை வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள். அவர்கள் தங்கள் ரபியிடம் (யூத சமய குருவிடம்) கேட்பார்கள். அவர் கேட்கும் விவரங்கள் உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை என்பதால், நீங்கள் சொல்வதைப் பொறுத்தே தீர்ப்பு அமையும். பயந்து மறைத்தால், வீட்டார் அறியாமலேயே தங்கள் விதியை மீறி உண்ண நேரிடும்.

ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற கட்டளை யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது (யாத்திராகமம் 23:19, 34:26, உபாகமம் 14:21). இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பது, உண்பது, அதனால் பயனடைவது ஆகிய மூன்றையும் இது தடுக்கிறது என்று யூத அறிஞர்கள் பொருள் கொண்டனர். சூடான உணவின் சுவையைப் பாத்திரம் உள்ளிழுத்துக்கொள்கிறது, மீண்டும் சூடேறும்போது அதை வெளியிடுகிறது என்பதே பாத்திரங்களைப் பற்றிய சட்டத்தின் அடிப்படை. ஆகவே மேலே ஒட்டியிருப்பதை நீக்கும் சோப்பு, உள்ளே இறங்கிய சுவையை நீக்குவதாகக் கருதப்படுவதில்லை.

ரபி முதலில் கேட்கக்கூடியது, அந்தக் கரண்டி சூடான இறைச்சி உணவில் கடைசியாக எப்போது பட்டது என்பதுதான். இருபத்துநான்கு மணி நேரம் கடந்திருந்தால் உள்ளிருக்கும் சுவை கெட்டுவிட்டதாகக் கொள்ளப்படும். கஞ்சியை உண்ணலாம், கரண்டியை மட்டும் சுத்திகரிக்க வேண்டும். உங்கள் கரண்டிக்கு ஓர் இரவுதான் ஆகியிருக்கிறது என்பதால் அளவு முக்கியமாகிறது. கரண்டி எவ்வளவு சுவையை இழுத்தது என்று யாராலும் அளக்க முடியாது. எனவே கஞ்சியில் அமிழ்ந்த பகுதி முழுவதையும் கணக்கிட்டு, அதைப் போல அறுபது மடங்கு கஞ்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். அமிழ்ந்த பகுதி 20 மில்லிலிட்டர் கனஅளவு என்றால் 1,200 மில்லிலிட்டர் கஞ்சி இருந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் காய்ச்சிய கஞ்சி அந்த அளவுக்கு வராது. அப்படியானால் கஞ்சியை உண்ணக் கூடாது, பாத்திரத்தையும் கரண்டியையும் சுத்திகரித்த பிறகே பயன்படுத்தலாம். பட்டது கோழியா மாட்டிறைச்சியா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கோழியையும் பாலையும் சேர்ப்பதற்கான தடை பிற்கால அறிஞர்கள் விதித்தது என்பதால், ஐயத்துக்கிடமான சூழ்நிலைகளில் ரபி சற்றுத் தளர்வு காட்ட இடமுண்டு.

வீச வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. எவர்சில்வரைத் துப்புரவாகக் கழுவி, ஒரு நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்து, பிறகு கொதிக்கும் நீரில் முழுவதும் அமிழ்த்தி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசினால் போதும். இதற்கு ஹகாலா என்று பெயர். கைப்பிடி இணைப்பில் அழுக்குத் தேங்கியிருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். மண்பாண்டத்துக்கும் பீங்கானுக்கும் இந்த வழி இல்லை. தொட்டி மண்ணில் கரண்டியைச் சில நாள் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அதைச் செய்ய வேண்டாம். அப்படிப் புதைப்பது ஹகாலாவுக்கு ஈடாகாது.

இனி, பல யூத வீடுகளில் செய்வதுபோல இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று கரண்டிகளிலும் ஸ்பாஞ்சுகளிலும் அடையாளம் இட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். கத்தியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஆறிய உணவு சுத்தமான கரண்டியில் பட்டால் கழுவுவதோடு பொதுவாக முடிந்துவிடும். ஆனால் வெங்காயம், பூண்டு போன்ற காரமானவற்றை இறைச்சிக் கத்தியால் நறுக்கினால், சூடே இல்லாவிட்டாலும் அவை இறைச்சிச் சுவையை ஏற்றதாகக் கருதப்படும். அந்த வெங்காயத்தைப் பால் சேர்ந்த சமையலில் போடக் கூடாது.