46-ஆம் பல்லும் மற்ற கேள்விகளும்

கேள்வி (மதுரை): டாக்டர், சீட்டில் 'ஆர்.சி.டி. 46, பிறகு கேப்' என்று எழுதியிருக்கிறது. 46 என்றால் என்ன? ரூட் கெனால் முடிந்து வலி சுத்தமாகப் போய்விட்டது. கேப் போடத்தான் வேண்டுமா?

பதில்: ஆர்.சி.டி. என்றால் ரூட் கெனால் சிகிச்சை; 46 அந்தப் பல்லின் விலாசம். வாயை நான்கு பாகமாகப் பிரிப்போம்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அடுத்து வரும் எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக, கீழ் வலது பக்கம் ஆறாவது பல்; முதல் கடைவாய்ப்பல்.

பல்லின் நடுவே கூழ் மாதிரி சதை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான். சொத்தை அதுவரை இறங்கினால், சூடாகக் காபி குடித்த வலி நெடுநேரம் நிற்கும். ராத்திரி படுத்தால் தெறிக்கும். அந்தக் கூழை எடுத்து, வேர்க்குழாய்களைத் தேய்த்துக் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைப்பதுதான் ரூட் கெனால். நரம்பே இல்லாததால் உங்களுக்கு வலியும் இல்லை.

ஆனால் பல் பலமாகிவிடவில்லை. சொத்தை தின்றது பாதி, நாங்கள் குடைந்தது கொஞ்சம். மிச்சம் வெறும் சுவர். ஒரு முறுக்கைக் கடித்தாலே பிளக்கலாம். பிளவு வேர்வரை ஓடிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. உலக்கைக்குப் பூண் போடுகிறோமே, கேப்பும் அப்படித்தான், பல்லைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். வலி போனதும் பாதியில் நின்றுவிட்டு, ஒரு வருஷம் கழித்து உடைந்த பல்லோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. தள்ளிப்போடாதீர்கள். பல் நிறத்திலேயே வரும் சிர்கோனியா கேப்புக்குச் செலவு அதிகம் என்றால் உலோகக் கேப் போதும். பார்க்க அழகில்லை, உழைப்பில் குறையில்லை.

கேள்வி (திருச்சி): ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே?

பதில்: ஸ்கேலிங் என்பது பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுப்பது. ஆட வைப்பது அந்தக் காரைதான். அது ஈறுக்கு அடியில் இறங்கி எலும்பைக் கரையச் செய்கிறது. எலும்பு போன பல்லை அந்தக் காரையே ஒட்டிப் பிடித்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், அடங்கிவிடும்.

கேள்வி (சேலம்): அப்பாவுக்கு மேல் கடைவாய்ப்பல் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று வர மறுக்கிறார்.

பதில்: போகாது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. சீழ் வைத்த பல்லை அப்படியே விடுவதுதான் ஆபத்து. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எடுத்தபின் பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்கட்டும். ஒரு நாள் முழுக்கக் காறித் துப்பக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. பீடி, சிகரெட் பல நாளைக்கு வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் காதுவரை வலிக்கும். அதைத்தான் 'ட்ரை சாக்கெட்' என்கிறோம்.

கேள்வி (விழுப்புரம்): என் பொண்ணுக்கு ஏழு வயசு. கடைசிப் பல்லில் கறுப்பாக இருக்கு. பால் பல்தானே, விழுந்து முளைக்கும்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: அம்மா, கண்ணாடி முன் நிறுத்தி நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள். பால் பல் ஒரு பக்கம் ஐந்துதான். கறுப்பு ஆறாவது பல்லில் இருந்தால் அது நிரந்தரப் பல். இனி இன்னொன்று முளைக்காது. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிடும். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். முதலில் மதுரைக்காரர் கேட்ட 46-உம் இப்படி வந்த பல்தான். ஐந்தாவது என்றாலும் விட்டுவிடாதீர்கள்; அது விழப் பத்து, பதினொரு வயதாகும், அதுவரை இடம் காக்க வேண்டும்.

இந்த வாரமே கூட்டிப் போங்கள். இப்போது சின்ன அடைப்போடு முடியலாம். மற்ற மூன்று மூலைகளிலும் ஆறாவது பல் வந்திருந்தால், சொத்தை விழும் முன் அதன் பள்ளங்களுக்கு 'சீலன்ட்' பூசச் சொல்லிக் கேளுங்கள். ஊசியும் வேண்டாம், குடைவதும் வேண்டாம்.