பழைய ரைஃபிளுக்குக் கேட்கும் விலை நியாயம்தானா?

கேள்வி: "எனக்கு ஒரு பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள் விலைக்கு வந்திருக்கிறது. 1917 என்று பொறித்திருக்கிறது, மார்க் 3 ஸ்டார் ரகம். 'எல்லா நம்பரும் ஒன்றே, அசல் சரக்கு' என்று சொல்லி, இதே ரகத்துக்கு மற்றவர்கள் கேட்பதைப் போல ஒன்றரை மடங்கு கேட்கிறார் விற்பவர். சுடுவதற்காக அல்ல, சேகரிப்பில் வைக்கத்தான் வாங்குகிறேன். இந்த விலை தகுமா?"

பதில்: தகலாம். ஆனால் 1917 என்ற வருடத்துக்காக அல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு குடும்பத் துப்பாக்கிகள் ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டவை. முதல் உலகப்போர்க் காலத்து 'த்ரீ நாட் த்ரீ' (இதன் .303 தோட்டாவால் வந்த பெயர்) இன்றும் தேடினால் கிடைக்கிற பொருள்தான். வயது மட்டும் விலையை ஏற்றாது. தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

முதலில் உரிமம். உங்கள் நாட்டுச் சட்டப்படி அதை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா, விற்பவரிடம் முறையான ஆவணம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது இல்லையென்றால் மேற்கொண்டு விலை பேசவே வேண்டாம். கையில் எடுத்ததும் உள்ளே தோட்டா இல்லை என்று நீங்களே திறந்து பாருங்கள். விற்பவர் சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

சரி, நம்பருக்கு வருவோம். இந்த ரகத்தில் வரிசை எண் ஒரே இடத்தில் இருக்காது. உடல் பகுதி (போல்ட் ஓடும் இரும்புக் கூடு), குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடியின் பின்புறம், குறிபார்க்கும் பின் குறிகாட்டியின் தகடு, முனை மூடி, முன்கட்டையின் (குழலுக்கு அடியில் இருக்கும் மரம்) அடிப்பக்கம் என்று பல இடங்களில் அடித்திருப்பார்கள். "எல்லாம் ஒன்றே" என்று சொல்பவர்களில் பலர் உடலையும் போல்ட்டையும் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள். ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, எப்போது அடித்தது என்பதும் முக்கியம். ராணுவப் பட்டறையில் போல்ட் மாற்றும்போது பழைய எண்ணின் மேல் கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் புது எண் அடிப்பது வழக்கம். அது அந்தத் துப்பாக்கியின் சேவைக் காலத்து அடையாளம். விலை கொஞ்சம் குறையும், ஆனால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பழைய எண்ணை ராவி எடுத்துவிட்டு, வேறு எழுத்து வடிவில், புத்தம்புதுப் பளபளப்போடு எண் அடித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ராவிய இடம் லேசாகத் தட்டையாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில் விளக்கைச் சாய்க்காமல் வாங்கிய ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. விற்க மனமில்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

போல்ட் விஷயத்தில் இன்னொன்று. இந்தத் துப்பாக்கியில் போல்ட்டை உடலோடு பொருத்திச் சரிபார்த்துத்தான் அனுப்பினார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட் ஏறியிருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளி தப்பாகிவிடலாம். சுட மாட்டேன் என்கிறீர்கள்; இருந்தாலும் உங்களிடமிருந்து வாங்கப்போகிறவர் சுட நினைக்கலாம் அல்லவா? துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் அதை அளந்து பார்ப்பது நல்லது. 'டி.பி.' என்ற எழுத்துகள் எங்காவது அடித்திருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கிய துப்பாக்கி. ஒன்றரை மடங்கு என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

(ஒரு கிளைச் செய்தி: இந்த நம்பர் கணக்கு எல்லா ராணுவத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. அமெரிக்க எம்1 கேரண்டில் வரிசை எண் உடல் பகுதியில் மட்டும்தான். மற்ற பாகங்களில் இருப்பவை வரைபட எண்கள், அதாவது அந்தப் பாகத்தின் தயாரிப்பு வரைபடத்தைக் குறிப்பவை. கேரண்டைக் காட்டி "எல்லா நம்பரும் ஒன்று" என்பவருக்குத் தன் சரக்கு தெரியவில்லை என்று அர்த்தம்.)

அடுத்து மரம். என் கணக்கில் நம்பருக்குச் சமமான இடம் இதற்கு உண்டு. பின்கட்டையின் முடிவில் இருக்கும் பித்தளைத் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். மரமும் தகடும் ஒரே மட்டமாகவோ, மரம் ஒரு இழை உயர்ந்தோ இருந்தால் நல்லது. தகடு மரத்தைவிடத் துருத்திக்கொண்டு நின்றால், யாரோ உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். அதோடு மரத்தில் இருந்த முத்திரைகளும் போயிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் விலை இறங்கும். இரும்பிலும் அப்படியே: எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டு மறுபடி கறுப்பு ஏற்றியது.

வேட்டைக்காக முன்கட்டையை வெட்டிய துப்பாக்கி என்றால் வேறு மரம் மாட்டலாம். ஆனால் அதை அசல் என்று விற்க முடியாது. குழலைக் குறைத்திருந்தாலோ, தொலைநோக்கி மாட்ட உடலில் துளை போட்டிருந்தாலோ அதற்கு மருந்தே கிடையாது.

மார்க் 3 ஸ்டார் என்பதே 1916-இல் போர் அவசரத்தில் எளிமையாக்கிய வடிவம். மேகசின் (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) மறைப்புத் தகடு, பக்கவாட்டில் இருந்த நெடுந்தொலைவுக் குறிகாட்டி போன்றவற்றை நீக்கினார்கள். உங்கள் 1917 துப்பாக்கியில் அவை இருந்து, அதற்காகவே அதிக விலை சொன்னால், எப்போது யார் பூட்டியது என்று கேளுங்கள்.

குழலின் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் கரும்புள்ளி இருக்கும். அந்தக் காலத்துத் தோட்டாவின் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) எரிந்ததும் ஒருவித உப்பு மிஞ்சும். அது ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அலமாரியில் வைக்கிறவருக்கு இது பெரிய குறையில்லை.

இனி ஒப்பீடு. "மற்றவர்கள் கேட்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுகோலே தப்பு. கேட்ட விலை வேறு, படிந்த விலை வேறு. ஏலங்களில் கடந்த ஓராண்டில் விற்று முடிந்தவற்றில் அதே தயாரிப்பாளர், அதே வடிவம், ஏறக்குறைய அதே நிலையில் உள்ளவை நாலைந்தைத் தேடி எடுங்கள். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனியாக வாங்கும் கட்டணம் அதில் சேர்ந்ததா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் கணக்கு பொய்யாகிவிடும். அப்புறம் உங்கள் பக்கம் பெயர் மாற்றச் செலவு, போக்குவரத்து எல்லாம் கூட்டிக்கொள்ளுங்கள். தாத்தா போருக்குக் கொண்டுபோனது என்ற பேச்சுக்குத் தனியாகக் காசு தர வேண்டாம். அந்த வரிசை எண்ணோடு எழுதிய காகிதம் இருந்தால் தரலாம்.

இப்போது உங்கள் ஒன்றரை மடங்கு: ஆறு இடத்திலும் எண் ஒத்து, மரம் தேய்க்கப்படாமல், துளையோ வெட்டோ இல்லாமல் இருந்தால், படிந்த விலையைவிட அந்த அளவு கூடுதலாக நானே கொடுப்பேன். முன்கட்டை எண் மட்டும் வேறு என்றால் படிந்த விலைக்குச் சற்று மேலே நிற்பேன். போல்ட் எண் வேறு என்றால் படிந்த விலைக்குக் கீழே. முன்கட்டையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பத் தயங்குகிறார் என்றால், வேறு துப்பாக்கி தேடுங்கள்.