பெற்றோர் பங்கேற்பு: எப்ஸ்டீனின் ஆய்வு குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஜாய்ஸ் எப்ஸ்டீன் வகுத்த பெற்றோர் பங்கேற்பின் ஆறு வகைகள் பெற்றோரின் கடமைகளா?

பதில்: இல்லை. இந்தத் தவறான வாசிப்பைத் திருத்துவதற்காகவே இங்கு எழுத ஒப்புக்கொண்டேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளரான அவர், குழந்தை வளர்ப்புக்குத் துணை, தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, சமூகத்துடன் கூட்டு என்று 1995இல் விளக்கிய ஆறுமே பள்ளி முன்னின்று திட்டமிட வேண்டியவை. பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் விட, பள்ளியும் ஆசிரியரும் அவர்களை எப்படி அழைக்கிறார்கள் என்பதே பங்கேற்பை வலுவாகத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய ஆய்வுகளின் முக்கிய முடிவு.

கேள்வி: நான் ஆசிரியை. கூட்டத்துக்குப் பாதிப் பெற்றோர்கூட வருவதில்லை. அவர்களுக்கு அக்கறையில்லை என்றுதானே பொருள்?

பதில்: அப்படிப் பொருள் கொள்ளாதீர்கள். வருகைப்பதிவு அக்கறையை அளக்காது. பள்ளிக் கட்டடத்தில் நடக்கும் கூட்டம் மட்டுமே பயிலரங்கு அன்று, வர இயலாதவர் எங்கிருந்தும் எந்நேரமும் பார்க்கவோ கேட்கவோ படிக்கவோ அதன் செய்தி கிடைப்பதும் பயிலரங்கே என்று எப்ஸ்டீன் அந்தச் சொல்லுக்கே புதுப்பொருள் தந்தார்.

கேள்வி: வீட்டுப்பாடத்தில் உதவினால் மதிப்பெண் கூடுமா?

பதில்: நடுநிலைப் பள்ளிப் பருவம் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009இல் வெளியிட்ட பகுப்பாய்வில், எதிர்பார்ப்பைச் சொல்லுதல், படிப்பின் பயனையும் எதிர்காலத்தையும் பற்றிப் பேசுதல் ஆகியவற்றுக்கே தேர்ச்சியோடு வலுவான தொடர்பு தெரிந்தது, வீட்டுப்பாட உதவிக்கு எதிர்மறைத் தொடர்பு தெரிந்தது. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு: பின்தங்கும் பிள்ளைக்கு அருகில்தான் பெற்றோர் அதிகம் உட்காருகிறார்கள். எப்ஸ்டீன் குழுவினர் உருவாக்கிய வீட்டுப்பாடத் தாளைப் பாருங்கள். அதில் பெற்றோர் கற்பிப்பதில்லை. பிள்ளையே பாடத்தை விளக்கி, அவர்களிடம் கேள்வி கேட்டு உரையாடலை நடத்துகிறது. தாளின் இறுதியில், பிள்ளைக்குப் புரிந்ததா என்று பெற்றோர் ஆசிரியருக்குக் குறிப்பெழுதிக் கையொப்பமிட இடம் இருக்கிறது. எழுத்தறிவு குறைந்த தாயும் அந்த உரையாடலில் பங்கெடுக்க முடியும் என்பதால் இந்தத் தாள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் உதவுவதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: மேலே எழுதியதை முழுதும் படியுங்கள். தொடர்பு வேறு, காரணம் வேறு.

கேள்வி: என் மகளை எந்த வயதில் பள்ளியில் சேர்க்கலாம்?

பதில்: இது என் துறையன்று, குழந்தை வளர்ச்சி வல்லுநரைக் கேளுங்கள்.

கேள்வி: பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே கூட்டுறவு என்ற இனிய சொல் வர்க்க வேறுபாட்டை மறைக்கிறது என்பது என் கருத்து. சமூகவியலாளர் அனெட் லரோவின் ஆய்வுகளை ஏன் தவிர்க்கிறீர்கள்?

பதில்: தவிர்க்கவில்லை, மாணவர்களுக்கு இருவரையும் சேர்த்தே கற்பிக்கிறேன். நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளைகளின் பொழுதைத் திட்டமிட்டு, ஆசிரியரோடு வாதிடவும் பழக்குகிறார்கள், பள்ளி அந்தப் பழக்கத்துக்கே மதிப்பளிக்கிறது என்று 2003இல் லரோ காட்டியதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே பள்ளியின் பொறுப்பு கூடுகிறது என்கிறேன்.

கேள்வி (அவரே): பள்ளியே பாகுபடுத்தும்போது அதனிடமே பொறுப்பைத் தருவதா?

பதில்: கடினமான கேள்வி. ஆறு வகைகளில் முடிவெடுப்பதில் பங்கு என்பதைத்தான் பள்ளிகள் எளிதில் விட்டுவிடுகின்றன. அழைக்கும் பள்ளி அதிகாரத்தையும் பகிராவிட்டால் உங்கள் கண்டனம் அப்படியே நிற்கும். இதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் பள்ளி மாறும்வரை அழைப்பையே நிறுத்தி வைத்தால், முதலில் ஒதுங்கிப்போவது யாருக்காக நீங்கள் வாதிடுகிறீர்களோ அந்தப் பெற்றோர்தான்.

கேள்வி: வீட்டுப்பாடத்தில் அப்பா உதவலாமா?

பதில்: மூன்றாவது பதிலைப் பாருங்கள்.