இரவெல்லாம் வேனில் போனோம், ராட்டினம் மூடிக் கிடந்தது

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் புகார் மேசையில் 16 வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்று, சொந்த ஊரான மண்டபத்துக்கே திரும்பிய பிறகுதான் இந்தப் பகுதியை எழுதத் தொடங்கினேன். விடுமுறை முடிந்த கையோடு இந்த முறை வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை தீம் பார்க் போய் மனம் நொந்து திரும்பியவர்களின் கடிதங்கள். நம் கரையிலிருந்து கிளம்புகிறவர்கள் சீட்டுப் பணம் எடுத்து, வேன் வாடகை பேசி, ஒரு வருட ஆசையைச் சுமந்துகொண்டு போகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தொண்டி வாசகி: மீன்பிடித் தடைக்காலத்தில்தான் என் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். மே மாதம் மூன்று குடும்பமாக 14 பேர் வேன் பிடித்து, சென்னைப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனோம். உள்ளே போன பிறகுதான் ரோலர் கோஸ்டரும் இன்னொரு பெரிய ராட்டினமும் பராமரிப்பில் இருக்கின்றன என்று தெரிந்தது. பிள்ளைகள் கேட்டதே அந்த இரண்டைத்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். இது முறையா அக்கா?

முறையில்லை. எது முறையில்லை என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

ராட்டினம் மூடுவதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்பது. ரோலர் கோஸ்டரின் பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். உணர்கருவி ஒன்று தவறான கணக்குக் காட்டினாலும் எல்லா வண்டிகளும் தானாக நின்றுவிடும். காரணத்தைப் பொறியாளர் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடி மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும் நிறுத்துவதும் இந்த வகைதான். அப்போது அங்கே நிற்கும் பையனைத் திட்டாதீர்கள். அவன் உங்கள் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது, திட்டமிட்ட பராமரிப்பு. வண்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சக்கரம் மாற்றுகிற வேலை. இது பல நாட்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். டிக்கெட் ஜன்னலில் இருப்பவருக்கு அன்று காலையில் நிச்சயம் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் முழுக் கட்டணம் வாங்குவதுதான் தவறு. நான் வேலை பார்த்த இடத்திலும் 'இன்று இயங்காதவை' என்ற பலகையை, டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடும் சுழல்கதவுக்கு அப்பால்தான் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வையுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒரு பொங்கல் கூட்டம் முடிந்த பிறகுதான் மாற்றி வைத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு என் மேசைக்கு வந்து அழுத தாய்மார்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

டிக்கெட்டின் பின்னால் இருக்கும் அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இன்னொரு நல்ல செய்தி, பூங்கா எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தொண்டியிலிருந்து சென்னைக்கு அலைய வேண்டாம், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

மற்ற ராட்டினங்களில் ஏறியிருப்பீர்கள், ஆகவே முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். பூங்காக்காரர்கள் வழக்கமாக 'இன்னொரு நாள் இலவசமாக வாருங்கள்' என்று ஒரு பாஸ் நீட்டுவார்கள். தாம்பரத்துக்காரருக்கு அது லாபம். மறுபடி வேன் வாடகை கொடுக்க வேண்டிய தொண்டிக்காரருக்கு அதனால் என்ன பயன்? பணமாகவே வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கீழக்கரை வாசகர்: உம்மாவுக்குச் சர்க்கரை நோய். வேளை தவறக் கூடாது என்று வீட்டிலிருந்து இடியாப்பம் கட்டிக்கொண்டு போனோம். வாசலில் பையைத் திறந்து எடுத்து வைத்துவிட்டார்கள். பேரனுக்கு வைத்திருந்த தொதல் இனிப்பைக்கூட விடவில்லை. உள்ளே 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 40 ரூபாய்க்கு விற்றார்கள்.

இரண்டும் வெவ்வேறு சங்கதி. வெளி உணவை உள்ளே விடமாட்டோம் என்று சொல்ல, தனியார் இடத்துக்காரருக்கு ஓரளவு உரிமை உண்டு. திரையரங்குகள் பற்றிய வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கூடவே, சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பு திரையரங்குக்குத்தான் என்றாலும், பூங்காவில் குடிநீர்க் குழாய் எங்கே என்று அதிகாரத்தோடு கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், கழிப்பறைக்குப் பின்னால் அம்புக்குறி இல்லாத மூலையில் இருக்கும்.

பாட்டில் விலை விஷயத்தில் சட்டம் தெளிவு. அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. பூங்காவுக்கென்று தனி விலை அச்சடிக்கும் தந்திரமும் 2018 ஜனவரி முதல் செல்லாது. மேசை போட்டுப் பரிமாறும் உணவகம் என்றால் 2017-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விலக்குத் தந்திருக்கிறது. நின்றபடி வாங்கும் பெட்டிக் கடைக்கு அந்த விலக்கு பொருந்தாது. பில் கேட்டு வாங்கி, பாட்டிலில் விலை தெரியும்படி ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தண்ணீர்க் கோபம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்ற நிலையில் கழிப்பறையை முதலில் முடித்தார்கள். கொளுத்தும் வெயிலில் வந்தவர்கள், குளிர்பானம் விற்பதற்காகத்தான் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று கொதித்தார்கள்.

உம்மா விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. மருந்து உட்கொள்பவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பல பூங்காக்கள் விலக்குத் தருகின்றன. வாசல் காவலருக்கு அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். அடுத்த முறை மருத்துவர் சீட்டின் நகலை டப்பாவோடு சேர்த்தே வையுங்கள். மறுத்தால் மேலாளரை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். வயதான ஒருவரின் சாப்பாட்டை மேசையில் எடுத்து வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்வது எந்த விதியிலும் சேராது.

பாம்பன் வாசகர்: நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் நின்ற வரிசையைக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போனார்கள். இது அநியாயம் இல்லையா?

கோயிலில் சிறப்புத் தரிசன வரிசை பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனாலும் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம். ஒரு ராட்டினத்தில் 24 பேர் ஏறுகிறார்கள், ஒரு சுற்று ஏற்றி இறக்க 4 நிமிடம் என்றால் மணிக்கு 360 பேர்தான். விரைவு டிக்கெட் எத்தனை விற்றாலும் அந்த 360 கூடப்போவதில்லை, பொது வரிசையின் இருக்கைதான் பறிபோகும். டிஸ்னி 1999-இல் இதைக் கொண்டுவந்தபோது இலவசம். சீட்டு எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்கு வந்தால் போதும். 2021-இல் அதன் இடத்தில் கட்டண முறை வந்தது. சட்டப்படி தடை இல்லை. எத்தனை இருக்கைகளை இப்படி ஒதுக்குகிறோம் என்று பலகையில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வரிசையில் சேருமுன் கடிகாரம் பாருங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று எண்ணி, முன்னால் நிற்பவர்களைத் தோராயமாக வகுத்தால் காத்திருக்கும் நேரம் கையில் வந்துவிடும். நாற்பது நிமிடம் ஆகும் என்று தெரிந்தவர்கள் பொறுமையாக நிற்பார்கள். ஒன்றும் சொல்லாமல் இருபது நிமிடம் நிறுத்தப்பட்டவர்கள்தான் என் மேசைக்குச் சண்டைக்கு வருவார்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: என் மகனுக்கு 11 வயது. உயரம் இரண்டு விரற்கடை குறைவு என்று ஏற்றவில்லை. அவனைவிடச் சின்னப் பையன் ஏறினான். வயதைப் பார்க்க வேண்டாமா?

வயதைப் பார்க்கக் கூடாது தம்பி. தொடைமேல் இறங்கிப் பூட்டும் கம்பியும் தோள்மேல் கவியும் பிடிப்பும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்குச் செய்தவை. அதற்குக் குறைந்த பிள்ளை, வண்டி சரியும்போது கம்பிக்கு அடியில் வழுகிவிடுவான். கம்பிக்கு வயது தெரியாது.

ஒரு நாள் ஒரு பையன் அளவுகோல் கம்பத்தை நோக்கி நொண்டிக்கொண்டே வந்தான். காலில் அடி என்று நினைத்து உட்காரவைத்து ஷூவைக் கழற்றினேன். உள்ளே இனிப்புப் பெட்டியின் அட்டையை நான்காக மடித்துக் குதிகாலுக்கு அடியில் வைத்திருந்தது. வியர்வையில் ஊறி, பெட்டியின் சிவப்புச் சாயம் சாக்ஸெல்லாம் பரவியிருந்தது. பையன் அப்பாவைப் பார்த்தான், அப்பா தரையைப் பார்த்தார். நல்ல மார்க் வாங்கினால் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம். அந்த மனிதரை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பையனை இயக்குபவர் அறைக்கு வெளியே நிறுத்தி, எல்லாக் கம்பியும் பூட்டிய பிறகுதான் விளக்கு பச்சையாகும் என்பதைக் காட்டினேன். நான்கு சுற்று பார்த்தான். பிறகு அவனே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

வீட்டிலேயே வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் அளவு வேறு. வாக்குக் கொடுக்கும் முன் பூங்காவுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஏர்வாடி வாசகி: நீச்சல் குளத்தில் பருத்திச் சுடிதாரோடு விடவில்லை. உள்ளே வாடகைக்குக் கொடுத்த உடை உடம்பை மூடுவதாக இல்லை. மகள்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். சறுக்கில் பிடித்து நிறுத்தும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். துப்பட்டா எங்கேயாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஆகவே துணி விதி சரி. உடலை மூடும் உடை வைக்காததுதான் சரியில்லை. முழுக்கை, முழுக்கால், தலைமூடியோடு நைலான் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டே போங்கள்.

ராமேஸ்வரம் வாசகி: அலைக் குளத்தில் ஒரு கும்பல் வேண்டுமென்றே என் மகள்மேல் வந்து மோதியது. சொன்னதற்கு, 'கூட்டத்தில் அப்படித்தான்' என்றார் ஊழியர்.

அப்படிச் சொன்ன ஊழியர் வேலைக்குத் தகுதியில்லாதவர். அலை தொடங்கும் சங்கு ஊதியவுடன் எல்லோரும் ஆழப் பக்கம் ஓடுவார்கள். அந்த நெரிசலைத்தான் இந்தக் கயவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். உயிர்காப்பாளரிடம் சொல்லி அலையை நிறுத்தச் சொல்லுங்கள். காற்றைத் தள்ளி அலை எழுப்பும் இயந்திரம்தான், உடனே நிறுத்தலாம். அங்கேயே 181 மகளிர் உதவி எண்ணையோ 112-ஐயோ அழையுங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் மகளிடம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னொரு ராமேஸ்வரம் வாசகர்: குளத்தில் குளோரின் நெடி தாங்கவில்லை. அள்ளிக் கொட்டுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் பொருள்தான் அந்த நெடியும் கண் எரிச்சலும் தருகிறது. இறங்குமுன் எல்லோரும் குளித்தால் பாதி குறையும்.

தேவிபட்டினம் வாசகர்: பூங்காவுக்குப் போக வசதியில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரும் ராட்சத ராட்டினம், கொலம்பஸ் இவற்றில்தான் பிள்ளைகளை ஏற்றுகிறேன். இரும்பெல்லாம் துருவாக இருக்கிறது. நம்பலாமா?

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரச் சங்கிலியில் பார்த்திருப்பீர்கள். மேலே படியும் செந்தூள் வேறு, செதில் செதிலாக உரிந்து வரும் துரு வேறு. தாங்கும் கால்களிலும் இருக்கை தொங்கும் ஆணியிலும் இரண்டாவது வகை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடியில் பாருங்கள். நம் மணலில் வெறுமனே நிறுத்தக் கூடாது. பலமான மரக்கட்டைகள் மட்டமாகக் கொடுத்திருக்க வேண்டும். ராட்டினம் சுற்றும்போது கட்டை அசைகிறதா என்று ஒரு சுற்று முழுவதும் நின்று கவனியுங்கள். இருக்கைக் கம்பியின் பூட்டு ஊசிக்குப் பதில் கயிறோ கட்டுக்கம்பியோ சுற்றியிருந்தால் அதில் பிள்ளையை ஏற்றக் கூடாது. ஈர மணலில் மின்வயர் திறந்து கிடந்தாலும், கச்சான் காற்று பலமாக வீசும்போது நிறுத்தாமல் ஓட்டினாலும் அப்படியே. அனுமதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெரியவர் இருவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

தொண்டி வாசகிக்கு மறுபடி: டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். 14 டிக்கெட்டையும் பரப்பி வைத்து ஒரு படம், மூடியிருந்த ராட்டினத்தின் முன்னால் பிள்ளைகள் நிற்கும் படம் இருந்தால் அதையும், பத்திரிகை முகவரிக்கு என் பெயருக்கு அனுப்புங்கள். புகார்க் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.